பெட்டிக்குப் பழகிய நடை

பதினெட்டு வருஷமாக அந்த அம்மாளுக்கு வேலையே மாட்டிக்கொள்வதுதான். திருடியோ பொய் சொல்லியோ அல்ல. ராணுவத்துக்குக் காவல் கருவிகள் செய்கிற கம்பெனி அது. காலையில் போய்க் கனமான பூட்ஸை மாட்டிக்கொண்டு, வேலி போட்ட ஒரு பெரிய பொட்டலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். முந்நூறு மீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, மீட்டர் எண் எழுதிய வெள்ளைக் கல். நடுவில் ஓரமாக ஒரு கம்பம், கம்பத்தில் முட்டி உயரத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் கறுப்புக் கண்ணாடிக்கு வெளிச்சம் வேண்டாம். உடம்புச் சூட்டைப் பார்க்கும், அசைவைப் பார்க்கும். ஆள் வருகிறது என்று அதற்குப் பட்டால் கம்பத்து உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் பெட்டி பாஸ். எரியாவிட்டால் கழற்றிக்கொண்டு போய் நோண்டுவார்கள், மறுநாள் கொண்டுவந்து மாட்டுவார்கள், அவர் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

ஆபீஸ் தாளில் அவர் பெயர் 'இலக்கு எண் ஒன்று'. இரண்டு என்று ஒரு எண் கிடையாது. ஆட்கள் வாயில் அது டார்கெட் அக்கா ஆகிவிட்டது. அவரைவிடப் பத்து வயது மூத்த டீக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அக்கா சேர்ந்தது கூட்டிப் பெருக்க. சேர்ந்த மூன்றாம் மாதம், நடக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்களேன்" என்றார் அப்போதிருந்த மேனேஜர். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. மழைக்கோட்டு போட்டு நடந்திருக்கிறார், ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார், தகரத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, குடையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு, பின்பக்கமாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் கேட்பார்:

"இன்னிக்கு என்ன வேலை?"

"தவழ்ந்தேன்."

"இந்த வயசுல?"

"சம்பளம் குடுத்துத் தவழச் சொன்னா நீங்களும் தவழுவீங்க."

அப்படித் தவழ்ந்து எழுந்து ஓடுகிற சோதனை ஒன்றில்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால், கேபிளுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட குழியில் வலது கால் போனது. முட்டி திரும்பிவிட்டது. ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கால் நேரே வரவில்லை. ஒரு அரைவட்டம் போட்டு, வெளியே வீசித்தான் முன்னால் வரும். குழியை மூடியதற்கு ஆபீஸில் ஒரு விழா மாதிரி போட்டோ எடுத்து மாட்டினார்கள். முட்டியைப் பற்றி அந்தப் போட்டோவில் ஒன்றும் இல்லை.

அப்போதாவது வேறு ஆளைப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். சோதனை நடக்கும்போது பொட்டலுக்குள் கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு ஏழு கையெழுத்து, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று. எட்டு மாதம் ஆகும் என்று வருகிற மேனேஜர் எல்லாரும் சொன்னார்கள். எட்டு மாதம் ஆகுமே என்றே பதினெட்டு வருஷம் ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை. இந்தக் கெடுபிடி வருவதற்கு முன்பே சேர்ந்ததால் சீட்டு இருப்பது அக்காவிடம் மட்டும். அதனால் அக்காதான் நடந்தார்.

இப்போது ஐம்பத்து மூன்று வயது. காலையில் எழுந்ததும் காலைத் தரையில் வைக்க ஐந்து நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படி நடந்தால் முட்டியை அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அறுப்பதைவிடப் பெரிய பயம், அறுத்த பிறகும் நடக்கச் சொல்வார்களே என்பது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் போதும், இறங்க வேண்டிய இடம் வந்தும் எழ மனசு வராது. இரண்டு தடவை டிப்போ வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்.

அவர் கண் வைத்திருந்தது ஒரு நாற்காலி மேல். சாமான் அறையில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி. கையுறை, பேட்டரி, கேபிள் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதில் உட்கார்ந்திருந்தவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "புதுப் பெட்டி பாஸ் ஆகட்டும், மறுநாளே அந்த இடம் உங்களுக்கு" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா வீட்டில் வந்து சொன்ன அன்றே, புத்தக பைண்டிங் கடையில் வேலை பார்க்கிற அவர் வீட்டுக்காரர் அட்டைக்கு ஒட்டி மிச்சம் விழுந்த காலிகோத் துணியில் பஞ்சு அடைத்து ஒரு குஷன் தைத்துவிட்டார். நாலு மூலையும் பைண்டிங் தையல். ஊசி உடைந்தாலும் அந்தத் தையல் பிரியாது. குஷன் வந்து மூன்று மாதமாகக் கட்டில் மேல் காத்துக்கொண்டிருந்தது.

புதுப் பெட்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய பெட்டிக்கு ஆள் வேறு ஆடு வேறு என்று தெரியாது. சூடாக எது அசைந்தாலும் கத்தும். எல்லையில் அதை வைத்துக்கொண்டு சிப்பாய்கள் பட்டது கொஞ்சமல்ல. போன வருஷம் பழைய பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க லாரியில் ஒருவர் வந்திருந்தார், முப்பது வயசு இருக்கும், கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. ரசீது வரும்வரை கேட்டருகே அக்காவோடு உட்கார்ந்திருந்தார்.

"நரி போனாலும் கத்துதுக்கா. ஆடு போனாலும் கத்துது. பத்து தடவை எழுந்து ஓடுவோம், பதினோராவது தடவை ஸ்விட்சை அணைச்சிடுவோம். அணைச்சிட்டா பயத்துல தூக்கம் வராது. ரெண்டு வருஷம் ஆச்சு, முழுசா ஒரு ராத்திரி தூங்கி."

"புதுசு வருதாமே?"

"அதை நம்பித்தான் இருக்கோம். ஆள் வந்தா மட்டும்தான் கூப்பிடுமாம். அது முழிச்சிருக்கும், நாங்க தூங்கலாம்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா கொடுத்த பிஸ்கட்டைப் பாதி கடித்தார். மீதியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். ரசீதோடு வந்தவரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டி, அக்கா அரைமணி நேரம் அவரை எழுப்ப விடவில்லை.

புதுப் பெட்டிக்கு ஆள் எது மிருகம் எது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஆடு, நாய், பன்றி எல்லாம் நடப்பதை எங்கெங்கோ போய்ப் படம் பிடித்து வந்தார்கள். ஆளுக்கு? ஆளுக்குத்தான் அக்கா இருக்கிறாரே. மூன்று வருஷம் அவர் நடந்த நடை அத்தனையும் பெட்டிக்குள் போயிற்று. அதன் பலன், இந்த வருஷம் நானூறு தடவை நடந்து நானூறு தடவையும் விளக்கு எரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பெட்டி என்று மேனேஜர் போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மாதத்தின் கடைசி நாளான வியாழக்கிழமை ராணுவத்திலிருந்து குழு வந்து பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இருநூறாம் கல் பக்கத்தில் அக்காவின் முட்டி பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. கல்லைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கொட்டகையில் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் இருக்கிற என்ஜினியர் வேறெங்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார் போல. வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த டீக்காரர்தான் பார்த்தார். பார்த்தவர் சீட்டாவது ஏழு கையெழுத்தாவது, கேட்டைத் தள்ளிக்கொண்டு பிளாஸ்கோடு பொட்டலுக்குள் வந்துவிட்டார்.

அவர் பெட்டிக்கு எதிரே நடந்து வருவதை அக்கா பார்த்தார். பழக்கத்தில் கண் விளக்குக்குப் போனது. விளக்கு எரியவில்லை.

டீ குடித்து, முட்டியைத் தேய்த்து, அக்கா அவர் தோளைப் பிடித்து எழுந்து நாலு அடி வைத்தார். பளிச்சென்று சிவப்பு.

"பாருங்க, உங்களைப் பார்த்தா மட்டும் கண்ணடிக்குது" என்றார் டீக்காரர்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, பிளாஸ்கை இங்க வெச்சிட்டு அந்தக் கல் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். போனார், வந்தார். எரியவில்லை. கொஞ்சம் ஓடச் சொன்னார். டீக்காரர் திட்டிக்கொண்டே ஓடினார். அப்போதும் இல்லை.

அக்கா கொட்டகைக்கு நொண்டிக்கொண்டு போய் என்ஜினியரிடம் பெட்டியின் கணக்கைப் பார்க்கச் சொன்னார். திரையில் வரிசையாக இருந்தது: பத்து பதினாலு, மிருகம். பத்து இருபத்தொன்று, மிருகம். பத்து இருபத்து மூன்று, மிருகம்.

"நாய் புகுந்திருக்கும்கா."

"நாய் இல்ல சார், நம்ம டீக்காரர். எனக்கு டீ கொண்டுவந்தாரு."

என்ஜினியர் கெட்டவர் அல்ல. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருந்ததில்லை, அவர் கண்ணும் அந்தச் சிப்பாய் கண் மாதிரிதான் இருந்தது. முகம் வெளுத்து மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் அக்காவையும் கூப்பிட்டார்.

"சீட்டு இல்லாத ஆளை உள்ள விட்டது யாரு? இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? அந்த ஆள் சூடா பிளாஸ்க் வெச்சிருந்திருக்கான், அதுல பெட்டி குழம்பியிருக்கும்."

"பிளாஸ்கை வெச்சிட்டும் நடந்தாரு சார்."

"நானூறுக்கு நானூறு எரிஞ்சிருக்கா இல்லையா?"

"எரிஞ்சிருக்கு சார். நானூறும் நான்தானே."

"அப்புறம் என்ன? இப்போ இதைக் கிளப்பினா மறுபடி முதல்ல இருந்து ஒரு வருஷம். யாரு நடக்கிறது? நீங்கதான் நடக்கணும். முடியுமா உங்களால? வியாழக்கிழமை முடியட்டும், வெள்ளிக்கிழமை வந்து நாற்காலியில உட்காருங்க. மீதியை நாங்க பாத்துக்கிறோம்."

என்ஜினியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா வெளியே வந்தார். மேனேஜர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. ஒரு வருஷம் நடக்க அவரால் முடியாது.

வீட்டுக்காரர் வெந்நீர் வைத்து, காலைப் பாத்திரத்துக்குள் வைத்துக் கொடுத்தார். அக்கா முழுவதையும் சொன்னார்.

"உன் முட்டி பூட்டிக்கிட்டப்ப எவனாவது வந்தானா? டீக்காரர்தானே வந்தாரு. வாயை மூடிக்கிட்டு நாற்காலியில உட்காரு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"சரிதான்" என்றார் அக்கா. சரி என்றுதான் நினைத்தார். அதை மனசாரச் சொன்னார். ஆனால் தண்ணீர் ஆறி, பாத்திரத்தை எடுத்துப்போன பிறகும் அங்கேயே உட்கார்ந்து தரையில் ஓடிய டைல்ஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, டாக்டர் கொடுத்த இறுக்கமான முட்டி உறையை மாட்டி, அந்தக் கோட்டின் மேலேயே காலை வீசாமல் ஒரு தடவை நடந்து பார்த்தார். எட்டு அடியில் வியர்த்துவிட்டது.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் சொன்ன பயிற்சி."

வியாழக்கிழமை குழு வந்தது. ஐந்து பேர், நடுவில் நரைத்த மீசையோடு தலைவர். கொட்டகை வாசலில் நிழலுக்குத் துணி கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. அக்கா வெயிலில் நின்றார். உறையைக் காலையிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார், வலிக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு.

முதல் நடை சாதாரணமாக. விளக்கு எரிந்தது. இரண்டாவது மழைக்கோட்டோடு, எரிந்தது. மூன்றாவது ஈரக் கம்பளி, நான்காவது குனிந்து. ஒவ்வொரு தடவையும் நிழலிலிருந்து கைதட்டல் கேட்டது. மேனேஜர் தலைவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானூற்று நான்கு. இன்னும் ஒரே ஒரு நடை. அதை முடித்துவிட்டால் நாளைக்குக் காலையில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால், குஷன் மேல், அக்கடா என்று உட்காரலாம்.

ஐந்தாவது நடைக்கு முதல் கல்லில் வந்து நின்றார். எதிரே பெட்டி அவருக்காகக் காத்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவரை இவ்வளவு ஒழுங்காகக் கவனித்தது அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை, பாதி கடித்த ஒரு பிஸ்கட். இந்தப் பெட்டியை நம்பி அந்த மனுஷன் படுப்பான். நன்றாகத் தூங்குவான். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

புறப்படச் சொல்லும் கொடி இறங்கியது. அக்கா வலது காலைத் தூக்கினார். வீசவில்லை. குதிகாலை முதலில் வைத்து, முட்டியை மடக்கி, நேரே. எலும்புக்குள் எதுவோ உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை வைத்தார். மறுபடி வலது. ஐம்பதாம் கல். வீட்டு டைல்ஸ் கோட்டை மனசில் வரைந்துகொண்டு அதன் மேல் நடந்தார். நூறாம் கல். பெட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூற்றைம்பதில் அதற்கு நேர் எதிரே வந்தார், கையை நீட்டினால் தொடலாம். விளக்கு எரியவில்லை. எரிந்துவிடாதா என்று ஒரு கணம் அவரே ஆசைப்பட்டார். எரிந்துவிட்டால் எல்லாம் தன் பிரமை, நாற்காலியும் உண்டு. இருநூறு. கண்ணில் தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. முந்நூறாம் கல்லில் போய் நிற்கும்வரை அந்த விளக்கு எரியவே இல்லை.

நிழலில் யாரும் கைதட்டவில்லை.

"ஏன், அந்தம்மா இன்னும் நடக்க ஆரம்பிக்கலையா?" என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். "ஏதோ மிருகம் போயிருக்குன்னு காட்டுது."

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ஜினியர் மட்டும் எழுந்து ஓடிவந்தார். வந்து அக்காவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையைக் கொடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பழையபடி காலை வீசி அக்கா திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது. அதைத் தலைவரும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஐயா, இது ஆளைப் பாக்கலை. என் முட்டியைப் பாக்குது" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "நான் நொண்டி நடந்தா ஆளு. நேரா நடந்தா மிருகம். வர்றவன் எவனும் என்னை மாதிரி நொண்டிக்கிட்டு வர மாட்டான். சந்தேகமா இருந்தா நீங்க ஒருதடவை நடந்து பாருங்க."

"சார், அனுமதிச் சீட்டு..." என்று மேனேஜர் இழுத்தார். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலில் இறங்கினார். நிமிர்ந்து, கை வீசி, முந்நூறு மீட்டர் நடந்தார். பெட்டி அவரையும் மிருகம் என்றே எழுதியது. வேலிக்கு வெளியே நின்ற டீக்காரர் ஒருவர்தான் சிரித்தார்.

அதன்பிறகு நடந்தது சுருக்கம். பெட்டி திரும்பிப் போனது. குட்டை, நெட்டை, பருமன், கிழவர், பிள்ளை சுமப்பவர் என்று நாற்பது பேரை நடக்கவைத்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும்படி உத்தரவு வந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டதால் நாற்பது சீட்டும் எட்டு மாதத்தில் அல்ல, ஒன்பது நாளில் கிடைத்தன. டீக்காரருக்கும் ஒன்று. நொண்டி வருகிறவரையும் பெட்டி மறந்துவிடக் கூடாது என்பதால் இலக்கு எண் ஒன்றும் நடக்க வேண்டும் என்று என்ஜினியர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா தெரியும் என்றார். சாமான் அறை நாற்காலி மேனேஜரின் மச்சானுக்குப் போனது.

நாற்பது பேரும் நடக்கிற முதல் நாள் புறப்படும்போது அக்கா கட்டிலிலிருந்து குஷனை எடுத்துப் பைக்குள் திணித்தார். வீட்டுக்காரர் ஒன்பது நாளாக அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது கேட்டார்.

"நாற்காலிதான் போச்சே. அதை எங்க கொண்டுபோறே?"

"நாற்பது பேரு நடந்து முடிஞ்சப்புறம்தான் என் முறை" என்றார் அக்கா, பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டே. "அதுவரைக்கும் கல்லு மேல போட்டு உட்கார்ந்துக்கிறேன்."